ஆளுக்கொரு கிட்டார்

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அவருடைய தம்பியின் பெயரையும் எழுதியாக வேண்டும். அதையும் எத்தனை தடவை எழுத வேண்டும், எந்தப் பெயர் முதலில் வர வேண்டும் என்பதெல்லாம் பெரிய பஞ்சாயத்தாகிவிடும். எங்கேயாவது இதைப் படித்துவிட்டு, "இது இன்னா பங்கு ஸ்டுடியோ?" என்று கேட்கக்கூடிய ஆள் அவர்.

ஸ்டுடியோ என்றால் நான்தான். செங்கத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தேன். பகலில் பாஸ்போர்ட் சைஸ் படங்கள், சாயந்தரம் ஓர் இன்னிசைக் குழுவில் கீபோர்டு. அந்தக் குழுவில் லீட் கிட்டார் அவர். ஜவ்வாது மலையில் நெல்லிவாசல் பக்கத்துக் குக்கிராமம் ஒன்றிலிருந்து ஷேர் ஜீப்பில் இறங்கி வருவார். மலையில் சாமைக் காடும் சில புளிய மரங்களும் அவருக்கு உண்டு. ஆடி மாதம் வந்துவிட்டால் படவேடு சுற்றுவட்டாரத்தில் கோயிலுக்குக் கோயில் கச்சேரி. அவர் விரலை நம்பித்தான் குழு பிழைத்தது என்று சொன்னால் பாடகர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆனால் அதுதான் உண்மை.

அவருடைய குணத்தை முதலில் ஒரு வடையில்தான் கண்டுகொண்டேன். மேடைக்குப் பின்னால் தட்டில் மூன்று வடை வந்தது. ஆட்கள் நான்கு பேர். யாரோ ஒருவர் எனக்கு வேண்டாம் என்று பெருந்தன்மையாகச் சொன்னால் தீர்ந்துபோகிற விஷயம். நானும் அப்படித்தான் சொன்னேன். அவர் காதிலேயே வாங்கவில்லை. ஒவ்வொரு வடையையும் நாலாகப் பிய்த்து, நாலு குவியலாக வைத்து, தூள் எந்தப் பக்கம் அதிகம் என்று பார்த்துச் சரிசெய்து, "எடுங்க" என்றார். கடைசியாக மிஞ்சிய குவியலைத் தான் எடுத்துக்கொண்டார். அதற்குள் வடையும் ஆறிப்போயிற்று, பசியும் ஆறிப்போயிற்று.

மேடையிலும் இதே கதைதான். பாட்டுக்கு நடுவே கிட்டார் தனியாக வருகிற இடம் இருக்குமல்லவா, அதில் பாதியை வாசித்துவிட்டு நிறுத்திவிடுவார். என் பக்கம் தலையை ஆட்டுவார். மீதி என் பங்கு. முதல் கச்சேரியில் எனக்கு இது தெரியாது. அவர் நிறுத்தியதும் மேடை முழுக்க அமைதி. பாடுகிற பெண் என்னை முறைக்கிறாள், நான் அவரைப் பார்க்கிறேன், அவர் பொறுமையாக எனக்காகக் காத்திருக்கிறார். பிறகு பழகிவிட்டது. பாதியில் கையைத் தயாராக வைத்துக்கொள்வேன். "முழுசா நீங்களே வாசிங்கண்ணா, அதுக்குத்தான் கூட்டம் வருது" என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். "எல்லாரும் கேக்கற பாட்ட ஒருத்தனே வெச்சிக்கினா நல்லாவா இருக்கும்?" என்பார். இது நியாயமா, பைத்தியமா என்று அப்போதும் குழம்பினேன். இப்போதும் முழுசாகத் தெளியவில்லை.

அந்தக் கிட்டாரின் கதைக்கு வருகிறேன். அது மின்சாரக் கிட்டார்தான், ஆனால் வயிறு காலி. வயலின்போல முகத்தில் இரண்டு வளைந்த துளைகள். ஓரத்தில் கருஞ்சிவப்பு, நடுவில் தேன் நிறம். அவருடைய அப்பா ஏலகிரியில் ஒரு பங்களாவில் காவலுக்கு இருந்தார். அங்கே குடியிருந்தவர் வெளிநாட்டுக்குப் போகும்போது, "உன் பசங்க வாசிக்கட்டும்" என்று கொடுத்துவிட்டுப் போனாராம். பசங்க என்று சொன்னதுதான் வினை. பசங்க இரண்டு பேர்.

அப்பா காலமானதும் காடு பிரிந்தது. அவர்கள் வழக்கம் இது: பங்கைப் பெரியவன் பிரிக்க வேண்டும். எந்தப் பங்கு என்று சின்னவன் முதலில் எடுக்க வேண்டும். பெரியவனுக்கு மிச்சம். சின்னவன் எடுத்ததைப் பெரியவன் ஏன் என்று கேட்கக் கூடாது. தம்பி எதை எடுத்தாலும் குறையக் கூடாது என்று இவர் ஓடை ஓரத்து நிலத்தையும் பாதி பாதி, கல்லுக் காட்டையும் பாதி பாதி என்று வகிர்ந்தார். புளிய மரத்தை வகிர முடியாது. அதனால் ஒரு வருஷம் அண்ணன் உலுக்குவார், மறு வருஷம் தம்பி. கிட்டாரும் வகிர முடியாத பொருள். ஆகவே அதுவும் புளிய மரத்தோடு சேர்ந்துவிட்டது. புளி உலுக்கி முடிந்ததும் கிட்டார் கை மாறும். தம்பியும் எங்கள் குழுவில்தான் வாசித்தார். யார் வருஷமோ அவர் லீட். மற்றவர் கடன் வாங்கிய பிளைவுட் கிட்டாரில் தாளம் போடுவார். தம்பி நன்றாகத்தான் வாசிப்பார். ஆனால் அண்ணன் வருஷத்தில்தான் எங்களைத் தேடி வந்து கூப்பிடுவார்கள். இது தம்பிக்கும் தெரியும்.

பிறகு தம்பி ஓசூரில் வேலைக்குப் போனார். ஒரு ஆடிக்கு முன்னால், பெரிய பெட்டியோடு நேராக என் ஸ்டுடியோவுக்கு வந்தார், அண்ணனையும் பழைய கிட்டாரோடு அங்கே வரச் சொல்லியிருந்தார். பெட்டியைத் திறந்தால் உள்ளே அதே கிட்டார். அதே தேன் நிறம், அதே துளைகள், அதே வளைவு.

"அதே கம்பெனிண்ணா. அந்தப் பழைய மாடல அச்சு அசலா இப்போ திரும்பச் செய்றான்" என்றார் தம்பி.

இரண்டையும் என் ஸ்டுடியோ பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்தோம். அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். பழையதன் மேல்பூச்சில் நுணுக்கமான வெடிப்புகள் ஓடின. புதியது வழுவழுவென்று என் முகத்தைக் காட்டியது. பழையதன் விளிம்புப் பட்டை வியர்வையிலும் புகையிலும் மஞ்சளாகியிருந்தது. புதியதிலும் மஞ்சள்தான், ஆனால் தொழிற்சாலையிலேயே பூசிய மஞ்சள்.

"பொறக்கும்போதே நரையோட பொறந்துக்கீது" என்று சிரித்தார் அவர்.

பிறகு சாமான்கள். கம்பியை முறுக்குகிற சாவிகள் பழையதில் தளர்ந்து, மூன்று பாட்டுக்கு ஒருமுறை சுதி இறங்கும். புதியதில் கதவுத் தாழ்ப்பாள் மாதிரி பிடித்து நின்றன. கம்பிகளைத் தாங்குகிற பிரிட்ஜ் பழையதில் எதிலும் ஒட்டப்படாதது. கம்பி அழுத்துவதால் மட்டும் நிற்கிறது. எல்லாக் கம்பியையும் ஒன்றாகக் கழற்றினால் கையோடு வந்துவிடும், திருப்பி வைக்கும்போது ஒரு நூல் தள்ளிப்போனாலும் மேல் சுரங்கள் அபசுரம். புதியதில் அது நகராமலிருக்க இரண்டு சின்ன ஆணி. கீழே கம்பிகளைப் பிடிக்கிற டெயில்பீஸில், சுரத்தை ஆட்டுவதற்கு ஒரு கைப்பிடி உண்டு. பழையதில் அதை அழுத்தி விட்டால் சோம்பலாகத் திரும்பி வரும். புதியதில் வெடுக்கென்று வரும். ஒலி வாங்குகிற பிக்கப் புதியதில் சத்தம் கூட. மூலையில் கிடந்த குழுவின் ஸ்பீக்கரில் மாட்டி அதன் பக்கம் திரும்பினால் இரண்டுமே ஊளையிட்டன, காலி வயிறு அப்படித்தான். ஆனால் பழையதன் ஊளையைக்கூட அவர் ஒரு சுரமாக்கிவிடுவார்.

"எது நல்லாக்கீதுண்ணா?" என்றார் தம்பி.

"அது வேற, இது வேற. இதுல கம்பி நிக்குது, அதுல சத்தம் நிக்குது."

"பாத்துப் பாத்துத்தான் செஞ்சிருக்கான்."

"செஞ்சிருக்கான், இல்லன்னு சொல்லல. ஆனா நம்முளுதப் பாத்து செய்யலியே."

தம்பி புதியதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "சரி வுடு. இனிமே ஆளுக்கு ஒண்ணு ஆச்சு. பழசு உனக்கே. வருஷா வருஷம் மாத்திக்கினு இருக்க வாணாம்." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் எத்தனை சந்தோஷம். இதைச் சொல்வதற்காகவே ஓசூரில் ஓவர்டைம் பார்த்தவர் என்று பார்த்தாலே தெரிந்தது. நான் இருவரையும் கிட்டாரோடு நிற்கவைத்துப் படம் எடுத்தேன். வாசிப்பதுபோல் கையை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். அது ஸ்டுடியோக்காரன் புத்தி.

அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. ஏதோ கணக்குப் போட்டபடி ஜீப் ஏறினார். தம்பி ஓசூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பதால் புதிய கிட்டாரும் அண்ணனோடு மலைக்குப் போயிற்று. லீவில் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார் தம்பி.

அடுத்த வாரம் ஒத்திகைக்கு அண்ணன் வரவில்லையே என்று மலையேறிப் போனேன். அவர் வீட்டுக்குள் பாயை விரித்து, இரண்டு கிட்டார்களையும் அக்கக்காகக் கழற்றிப் போட்டிருந்தார். சால்டரிங் புகை. நடுவில் அவர்.

"அண்ணா, என்னண்ணா இது?"

"ஆளுக்கு ஒண்ணுன்னு சொல்லிட்டானே. அப்போ ரெண்டும் பங்குக்கு வந்துடுச்சு. பங்குன்னா சமமா இருக்க வாணாமா? பழசு முழுக்க ஒருத்தனுக்கு, புதுசு முழுக்க ஒருத்தனுக்குன்னா, ஓடைய ஒருத்தனுக்கும் கல்லுக் காட்ட ஒருத்தனுக்கும் குடுத்த மாதிரி."

பழைய உடம்பில் புதிய சாவிகள். புதிய உடம்பில் பழைய டெயில்பீஸ். முன் பக்கப் பிக்கப்பை இங்கிருந்து அங்கே, அங்கிருந்ததை இங்கே. புதியதன் ஆணிகளைப் பிடுங்கிவிட்டதால் பிரிட்ஜும் இடம் மாறிவிட்டது. இரண்டுக்கும் பொருந்துமா என்றால் பொருந்தியது, ஒரே மாடல் அல்லவா. மாட்டி முடித்ததும் என்னை வாசித்துப் பார்க்கச் சொன்னார். எனக்குத் தெரிந்த நாலு கார்டு சுரங்களை இரண்டிலும் தட்டினேன். இரண்டும் ஒரே மாதிரியும் இல்லை, வேறு வேறு மாதிரியும் இல்லை. யாருடைய குரலோ யாருடைய வாயிலிருந்தோ வந்தது. "சமமா கீதா?" என்றார். ஆமாம் என்றேன்.

வீட்டுக்காரம்மா அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்து, "சோத்துலயே கோடு போடற மனுஷன். நீங்க வேற தலைய ஆட்டாதீங்கண்ணா" என்றார்.

தம்பி லீவில் வந்தார். நானும் அப்போது இருந்தேன். சுவரில் இரண்டு ஆணிகளில் தொங்கிய இரண்டு கிட்டார்களையும் மாறி மாறிப் பார்த்தார். முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் முகம் கறுத்துவிட்டது.

"இன்னாண்ணா பண்ணி வெச்சிருக்க?"

"பிரிச்சிட்டேன். நீ எட்துக்க."

"நான் உனக்குக் குடுத்தேண்ணா. பழச முழுசா உனக்குக் குடுத்தேன். முழுசா ஒண்ணு வாங்கிக்க உனக்குத் தெரியாதா?"

"நீ குடுக்கறது, நான் வாங்கறதுன்னு இதுல இன்னா கீது? பொதுச் சொத்து. எட்துக்க."

"எனக்கு எதுவும் வாணாம்" என்று சொல்லிவிட்டுத் தம்பி சாப்பிடாமலே இறங்கிப் போய்விட்டார்.

இங்கேதான் சிக்கல். சின்னவன் எடுக்காதவரை, பிரித்தவன் எந்தப் பங்கையும் தொடக் கூடாது. தொட்டால் அவன் முந்திக்கொண்டதாக அர்த்தம். அதனால் இரண்டு கிட்டார்களும் சுவரிலேயே தொங்கின. இரண்டு ஆடி மாதங்கள் அப்படியே போயின. நாங்கள் பிளைவுட் கிட்டாரை நீட்டினோம். "வூட்ல ரெண்டு தொங்குது, மூணாவது எதுக்கு?" என்று கும்பிட்டுவிட்டார். எங்களைக் கூப்பிடுவது குறைந்தது. எனக்கு அதைப் பற்றிக்கூட வருத்தமில்லை. அந்த மனிதர் வாசிக்காமல் சாமைக் காட்டில் நிற்பதைப் பார்க்கத்தான் முடியவில்லை. கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

தம்பிக்குப் போன் போட்டேன். "ஏதோ ஒண்ண எட்துக்கச் சொல்லுங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார். அதை மலைக்குக் கொண்டு போனேன். "போன்ல சொன்னா ஆவாது. கை வெச்சு எடுக்கணும்" என்றார் அண்ணன்.

"நீங்களே ஒண்ண எடுத்து வாசிச்சுட்டுத் திரும்ப மாட்டிடுங்கண்ணா, யாருக்குத் தெரியப்போகுது?" என்று ஒருநாள் ஆசை காட்டிப் பார்த்தேன்.

அவர் யோசித்தார். "யாருக்கும் தெரியாதுதான். ஆனா அப்புறம் அவன் வந்து எடுக்கறது மிச்சமாயிடும்."

அன்றைக்கு இறங்கி வரும்போது வீட்டுக்காரம்மா ஜீப் நிற்கிற இடம் வரை கூடவே வந்தார். "அவரு விரலு மெத்துன்னு ஆயிடுச்சுண்ணா. அன்னிக்கு என் கையப் புடிச்சாரு. யாரு கையோன்னு திக்குனு ஆயிடுச்சு" என்றார். கம்பி அழுத்தி அழுத்திக் காய்த்துப்போயிருந்த விரல்நுனிகள் அவை. இத்தனை வருஷம் அந்தக் காய்ப்போடுதான் அந்த அம்மாவுக்கு அவர் கை பழக்கம்.

அதற்குப் பிறகு ஒரு சின்ன விஷயம் நடந்தது. சுவரில் தொங்கிய ஒன்றில் கம்பி தானாகவே அறுந்துபோனது. அவர் அறுந்த கம்பியையும் தொடவில்லை. கம்பி சுருண்டு தொங்கிக்கொண்டே இருந்தது. இதைத் தம்பியிடம் போனில் சொன்னேன். "புளி உலுக்க வர்றேன். நீங்களும் வாங்க, கீபோர்ட எட்துக்கினு வாங்க" என்று மட்டும் சொன்னார்.

போனேன். நல்ல வெயில். தம்பி தோள்பையில் ஸ்க்ரூ டிரைவர், சால்டரிங் அயர்ன், புதுக் கம்பி பாக்கெட்டுகள் எல்லாம் வைத்திருந்தார். இரண்டு கிட்டார்களையும் இறக்கி அதே பாயில் வைத்தார்.

"எடுக்க வந்துட்டேண்ணா."

"எடு."

"நீ பிரிச்சதுல எதை வேணும்னாலும் நான் எடுக்கலாம் இல்ல?"

"ஆமா."

"நான் எடுக்கறத நீ ஏன்னு கேக்கக் கூடாது."

"கூடாது. அதான் வழக்கம்."

"ஸ்டுடியோ, நீங்கதான் சாட்சி" என்று என்னிடம் சொல்லிவிட்டு, பழைய உடம்பிலிருந்த டெயில்பீஸில் கையை வைத்தார். "இது பழசா, புதுசா?"

"புதுசு."

"அப்போ இது எனக்கு." திருகாணியைக் கழற்றிப் பாயில் தன் பக்கம் வைத்தார்.

அண்ணனுக்கு அப்போதுதான் விளங்கியது. "டேய், பங்க கலைக்கிற."

"கலைக்கல. எடுக்கறேன். நீ இத்தன துண்டா பிரிச்சு வெச்ச, நான் ஒவ்வொரு துண்டா எடுக்கறேன். ஏன்னு கேக்காத."

வழக்கத்தை மீற அண்ணனால் முடியாது. பொய் சொல்லவும் முடியாது. தம்பி ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேட்டார். சாவிகள்? புதுசு. அப்போ எனக்கு. இந்தப் பிக்கப்? பழசு. அப்போ உனக்கு. இரண்டு ஆணிக்கும் துளை போட்ட பிரிட்ஜ்? கேட்கவே வேண்டாம், எனக்கு. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழ்களில் மட்டும் மாட்டிக்கொண்டார்கள். கிட்டாருக்கு நாலாக எட்டும், இரண்டு வருஷ அடுப்புப் புகையில் ஒரே மாதிரி மங்கியிருந்தன. எது எங்கிருந்து வந்தது என்று அண்ணனுக்கே நினைவில்லை. என் போட்டோவைக் கேட்டார்கள். போனில் தேடிக் காட்டினேன். இரண்டு பேருடைய கையும் குமிழ்களை அழகாக மறைத்துக்கொண்டிருந்தது. கடைசியில் தம்பி கண்ணை மூடிக்கொண்டு நாலை அள்ளினார். அதனால் பழைய கிட்டார் இன்றைக்கும் முழுக்கப் பழையதுதானா என்று என்னைக் கேட்டால், தெரியாது.

மதியத்துக்கு மேல் இரண்டும் மறுபடி கிட்டாராயின. தம்பி புதிதை மடியில் வைத்துக்கொண்டார். "நான் எட்துக்கினேன். மிச்சம் உன்னுது."

மிச்சம் பாயில் கிடந்தது. அப்பா கொண்டுவந்த கிட்டார், முழுசாக. அண்ணன் அதைத் தூக்கவில்லை. "இது சமமில்லடா" என்றார்.

"இல்லதான்" என்றார் தம்பி.

நான் கட்டில்மேல் கீபோர்டை வைத்துக்கொண்டேன். என்ன பாட்டு என்று யாரும் சொல்லவில்லை, நாங்கள் வழக்கமாக முதலில் எடுக்கிற பாட்டையே ஆரம்பித்தேன். தம்பி புதியதில் தாளம் பிடித்தார். அண்ணன் பழையதைத் தூக்கி மடியில் வைத்தார், தனியாக வருகிற இடத்தில் நுழைந்தார். மெத்தென்ற விரல்கள் முதலில் தடுமாறின. சுதி லேசாக இறங்கியது, அந்தச் சாவிகளின் பழைய குணம். டெயில்பீஸ் கைப்பிடி சோம்பலாகத் திரும்பி வந்தது. பாதி வந்ததும் நான் வழக்கம்போல் கையைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

அவர் என் பக்கம் திரும்பவில்லை. தலையை ஆட்டவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு மீதியையும் வாசித்தார். கடைசிச் சுரம்வரை அவரே வாசித்தார். என் கை சும்மா கட்டைகள்மேல் இருந்தது. இத்தனை வருஷத்தில் அந்த இடத்தை முழுசாக நான் கேட்டது அன்றைக்குத்தான். தம்பி குனிந்து தன் கிட்டாரின் குமிழைத் துடைத்துக்கொண்டிருந்தார், அதில் அழுக்கு எதுவும் இல்லை.

முடித்ததும் அவர் விரல்நுனிகளைப் பார்த்தார். சிவந்து கன்றிப்போயிருந்தன. பிறகுதான் என்னைப் பார்த்தார், எதையோ திருடிவிட்டவர் மாதிரி.

"உங்க பங்கையும் நானே வாசிச்சுட்டேன் ஸ்டுடியோ" என்றார்.